எந்தத் தரப்புக்கும் வேண்டியவர் அல்லாத ஒருவர்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், கணவனிடம் அடிபட்ட பெண்ணுக்கு நியாயம் பேச வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் யாரோ ஒருவருக்கு வேண்டியவர்களாக இருப்பதுதான் சிக்கல். கோயில் தலைவர் கணவனுக்குத் தாய்மாமன் முறையாக இருப்பார். கட்சிக் கிளைத் தலைவர் அவனுக்கு வேலை வாங்கித் தந்தவராக இருப்பார். மண்டோர் எனும் தோட்டக் கங்காணி அவனோடு ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீடுகளில், வளர்ந்தவராக இருப்பார். இவர்கள் கூடிப் பேசினால், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்பதே பெரும்பாலும் முடிவாகிறது. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் உடையக்கூடாது என்பது அவர்களுடைய நோக்கம். அந்தப் பெண் இன்றிரவு எங்கே அச்சமின்றிப் படுப்பாள் என்பதை அங்கே எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டு அவளோடு நடக்கும் ஒருவர் தேவை. இங்கிலாந்தில் இதற்கென்றே பயிற்சி பெற்ற சுயேச்சை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் இந்தப் பணியைப் பெரும்பாலும் பெண்கள் அமைப்புகளே சுமக்கின்றன: 1982இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.ஏ.ஓ. (மகளிர் உதவி அமைப்பு), பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூ.சி.சி. (மகளிர் மாற்ற மையம்), நமக்கு அருகே ஈப்போவில் உள்ள பேராக் மகளிர் சங்கம் போன்றவை.

துணைக்குச் செல்கிறவர் சட்டத்தை ஓரளவாவது அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் தவறான தகவலே இங்கு வேகமாகப் பரவுகிறது. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழும் பெண்ணிடம், "உனக்கு எந்தச் சட்டமும் கிடையாது" என்று சொந்தக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். 1996 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமோ, மத அல்லது வழக்கச் சடங்குப்படி இணைந்தவர்களை, பதிவு இல்லாவிட்டாலும், கணவன் மனைவியாகவே கருதுகிறது. 2018 முதல் சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை, ஆணை ஏழு நாள் செல்லும். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால் புகார், விசாரணை, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை என்று வழி நீள்கிறது. காயம் இருந்தால் முதலில் மருத்துவமனைக்குச் செல்வது நல்லது. அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. எனும், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒரே இடத்தில் உதவி தரும் சேவை உள்ளது, மருத்துவர் எழுதும் குறிப்பு பின்னர் சாட்சியாகவும் நிற்கும்.

புகார் மலாயில் எழுதப்படும். மலாய் சரளமாக வராத பெண்ணுக்கு மொழிபெயர்க்கக் கொழுந்தனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உட்கார வைப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை, ஏனெனில் கழுத்தை நெரித்தது அவர்கள் வாயில் வெறும் வாக்குவாதமாகிவிடும். எழுதியதை முழுவதும் தமிழில் சொல்லக் கேட்ட பிறகே அவள் கையெழுத்திட வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது வீடு. வீடு கணவன் பெயரில் இருந்தாலும், அவனை வெளியேற்றி அவளை அங்கே தங்க வைக்க நீதிமன்றத்துக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. தோட்ட வீடோ கம்பெனியுடையது; அவன் வேலையோடு சேர்ந்து வந்தது. அவன் வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்தில்தான் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே வழக்கறிஞரைப் பார்ப்பது, காப்பகத்தில் இடம் கேட்பது, பிள்ளைகளின் பள்ளி மாற்றம், ஐசி எனும் அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரங்களையும் நம்பிக்கையான ஓர் இடத்தில் சேர்ப்பது என எல்லாம் அவள் வெளியேறுவதற்கு முன்பே, ஓசையில்லாமல் நடக்க வேண்டும். வெளியேறும் வேளைதான் மிக ஆபத்தானது என்பதை "உடனே கிளம்பி வா" என்று அவசரப்படுத்துகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில பெண்கள் திரும்பிப் போகிறார்கள். "இவளுக்காக இவ்வளவு அலைந்தோமே" என்று சலித்துக்கொள்வது எளிது. எனக்கும் அந்தச் சலிப்பு வருவதுண்டு. ஆனாலும் முடிவு அவளுடையது. மறுபடி அழைத்தால் எடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

கோயில் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். அவன் முன்னிலையில் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, 15999 எனும் தாலியான் காசே (அரசின் உதவித் தொலைபேசி) எண்ணை உபயக்காரர் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது, அங்கே அவன் கூட வர மாட்டான்.