கண்ணைத் தைத்துவிட்டு மனசைப் பார்க்கலாம் என்றால்

மனநோய் உள்ளவருக்குக் கண்ணில் பலத்த காயம் பட்டால், 'முதலில் கண்ணைத் தைக்கட்டும், மனசை அப்புறம் பார்க்கலாம்' என்பார்கள். தைத்த இரவே படபடப்பில் அவர் கட்டைப் பிய்த்துவிட்டால் தையலும் போகும், கண்ணும் போகும். இரண்டு டாக்டரும் முதல் நாளே வர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, காயம்பட்ட கண்மேல், புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் படும்படி கவிழ்த்துப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் உள்ளே இருப்பது பிதுங்கிவிடும். சுண்ணாம்போ ஆசிடோ பட்டிருந்தால் மட்டும் உடனே அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள் (எந்த ஆச்சி சொன்னாலும் சரி). சோறு, தண்ணீர் வேண்டாம்; மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். 108-ல் ஏற்றும்போது, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பையில் போடுங்கள். வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்தவர்களுக்கு திருநெல்வேலி ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி நல்லது: கண், மனநலம், மயக்கவியல் மூன்றும் ஒரே இடத்தில் உண்டு.

அங்கே படபடப்பைத் தணிக்காமல் இமையைத் திறக்கக் கூடாது. திமிறினாலும் வாந்தி எடுத்தாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அதனால் மனநல டாக்டர் சொல்லும் ஊசி, வாந்தி நிற்க மருந்து, டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், பிறகு சி.டி. ஸ்கேன். இரும்புத்துகள் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது. கிழிந்த கண்ணை முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் தைக்க வேண்டும்.

வார்டில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. இல்லாத குரல் காதில் கேட்கும் நோயாளிக்கு இரண்டு கண்ணையும் கட்டினால் இருட்டில் பயம் இரட்டிப்பாகும்; நல்ல கண்ணைத் திறந்தே விடுங்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'சொட்டு விடப் போறேன்' என்று சொல்லுங்கள். நர்ஸ் மேஜைக்கு எதிர்க் கட்டில், இரவிலும் பக்கத்தில் ஒரு ஆள். ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டதில் மனநல மாத்திரை விட்டுப்போகாமல் கேட்டு வாங்குங்கள். கண்ணுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு மனநோயைக் கிளறும். லித்தியம் சாப்பிடுபவருக்கு வலிக்கு டைக்ளோபெனாக் கொடுத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். குடி திடீரென நின்றதால் இரண்டாம், மூன்றாம் நாள் நடுக்கமும் பிதற்றலும் வரலாம்.

கையைக் கட்டிப்போடுவது கடைசி வழி. 2017 மனநலச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது மட்டும், மனநல டாக்டர் அனுமதித்துக் கேஸ் ஷீட்டில் எழுதிச் செய்யலாம். சங்கிலி அறவே கூடாது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு அடிபடாத கண்ணைக் கவனியுங்கள். கூச்சம், சிவப்பு, மங்கல் தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். காயம்பட்ட கண்ணால் அபூர்வமாக நல்ல கண்ணிலும் அழற்சி வரலாம், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். கண் ஓ.பி.யும் மனநல ஓ.பி.யும் ஒரே நாளில் வருமாறு சீட்டில் தேதி கேளுங்கள். இரவில் மனசு தடுமாறினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள்.