காது டெஸ்ட்டுக்குப் போகுமுன் காது அழுக்கைப் பார்த்துவிடுங்கள்: மேலூரிலிருந்து மதுரைக்கு அலைந்த அனுபவம்

பிள்ளைக்குக் காது கேட்கும் டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள், காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் மேலூரில் காலை பஸ் பிடித்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், டோக்கன் போட்டு மத்தியானம் வரை காத்திருந்தோம். உள்ளே போனதும் டெஸ்ட் எடுக்கும் பெண் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "அழுக்கு அடைச்சிருக்கும்மா. இப்படியே எடுத்தா ரீடிங் தப்பா வரும். டாக்டர்ட்ட காட்டி எடுத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான். அவர் சொன்னது சரி. ஆனால் டெஸ்ட் எழுதிக்கொடுத்த டாக்டர் அந்தக் காதை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டோம், அடுத்த தடவை கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். ரசீதைத் தொலைக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

அழுக்கை எடுக்கிறேன் என்று பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், அது இன்னும் உள்ளேதான் தள்ளும். எண்ணெயும் காய்ச்சி ஊற்றாதீர்கள். காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் பெரிய வம்பாகிவிடும். டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைச் சில நாள் விட்டு, அங்கேயே போய் எடுத்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் பையனுக்குக் காது வலியே கிடையாது. ஆறு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான், கவனமே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் புகார். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான். வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம், கூடவே குறட்டை. உள்நாக்கு விழுந்திருச்சு என்று எங்கள் அத்தை அவன் உச்சிமுடியைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்துவிட்டார். வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரோ சளி என்று போகும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். வலி என்று அழுதிருந்தால் யாராவது காதைப் பார்த்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கும் மேலே, அடினாய்டு என்று ஒரு சதை இருக்கிறது. டான்சில் மாதிரி வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் அதிகம் சரிவில்லாமலும் இருக்கும். அடினாய்டு வீங்கினால் அந்தக் குழாய் சரியாக வேலை செய்யாது, ஜவ்வுக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலிக்காது. காது மட்டும் மந்தமாகும்.

அடினாய்டு பார்க்க எக்ஸ்ரே எழுதினார்கள். அடுத்த கூத்து அங்கேதான். சீட்டில் 'லேட்டரல்' என்று எழுதியிருந்தது, அதாவது பக்கவாட்டில் எடுக்க வேண்டும். லேப்பில் முகத்தை நேராக வைத்து சைனஸுக்கு எடுப்பது போல எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஈஎன்டி டாக்டர் பிலிமை லைட்டில் பிடித்துப் பார்த்து, "இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது, வேற எடுத்துட்டு வாங்க" என்றார். திரும்ப லேப்புக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை, முதலில் பணத்தைக் கட்டச் சொன்னார். நான் சீட்டையும் பிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எந்தப் பக்கம் லேட்டரல், காட்டுங்கள் என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் காசில்லாமல் எடுத்துத் தந்தார்கள். நீங்களும் வெளியே வருமுன் பிலிமைப் பாருங்கள்: மூக்கும் தாடையும் பக்கவாட்டில் தெரிய வேண்டும். பிள்ளை வாயை மூடி, மூக்கால் மூச்சு விடும்போது எடுக்க வேண்டும். அழுதாலோ எச்சில் விழுங்கினாலோ மேலண்ணம் தூக்கிக்கொள்ளும், அடைப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஜவ்வு சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோகிராம் சுலபம். மெத்தென்ற ரப்பர் முனையைக் காதில் வைத்து லேசாக அழுத்தம் கொடுப்பார்கள், சில நொடிதான். பிள்ளை பேசாமல், விழுங்காமல் இருந்தால் போதும். நன்றாக இருக்கும் காதுக்குக் கோடு நடுவில் குன்றாக ஏறி இறங்கும். இவனுக்கு இரண்டு காதிலும் தட்டைக் கோடு. அதை 'பி டைப்' என்கிறார்கள், நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு சின்னச் சத்தம் வரை கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராமில்தான் இவன் வேலையைக் காட்டினான். சத்தம் கேட்டால் ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். இவன் அந்தப் பெண்ணின் கை பட்டனுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவர் சிரித்துவிட்டு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப்போட்டு முதலிலிருந்து எடுத்தார். இரண்டு காதிலும் 30 டெசிபல் வாக்கில் வந்தது, அதாவது லேசாகக் கேட்பது குறைவு. எலும்பு வழியாகக் கேட்பது நார்மல். நரம்புக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த ரிப்போர்ட்டோடு உறவினர் சொன்ன ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதில் குரோமெட் (நீர் வடிய ஜவ்வில் பொருத்தும் குட்டிக் குழாய்) வைக்க வேண்டும், அடினாய்டு, டான்சில் இரண்டையும் எடுக்க வேண்டும், நாளைக்கே அட்மிஷன் என்றார்கள். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

பழைய ஈஎன்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை தடவை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்துச்சு?" வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரில் காய்ச்சல் வந்த நாளெல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தேன், பழைய வருஷத்துக் காலண்டரும் இருந்தது. அதை போட்டோ எடுத்துக் கொண்டுபோனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அடிக்கடி தொண்டைப் புண் வருகிறது என்பதற்காக டான்சிலை எடுப்பதென்றால் ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து 2 வருஷம் வருஷத்துக்கு 5 தடவை, அல்லது தொடர்ந்து 3 வருஷம் வருஷத்துக்கு 3 தடவையாவது வந்திருக்க வேண்டுமாம். எங்கள் வட்டங்கள் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. குறட்டை வீடியோவையும் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அது வேறு கணக்கு, அப்போது யோசிக்க வேண்டும், இவனுக்கு அப்படி இல்லை என்றார். நீங்களும் நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி ராத்திரியில் வீடியோ எடுத்து வையுங்கள்.

காது நீர் நிறையப் பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும், அதுவரை பார்க்கலாம் என்றார். ஆன்டிபயாடிக்கும் சளி சிரப்பும் இந்த நீரை வடிக்காது என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பேச்சு வராத பிள்ளை, கேட்பது குறைந்துகொண்டே போகிற பிள்ளை, ஜவ்வு உள்ளே இழுத்துக்கொண்ட பிள்ளை என்றால் இப்படிக் காத்திருக்க முடியாது என்பதையும் சொன்னார்.

டிம்பனோகிராம் திரும்ப எடுத்ததில் வலது காதுக் கோடு ஏறிவிட்டது. இடது இன்னும் தட்டைதான். அதற்குக் குரோமெட் வேண்டுமா என்று அடுத்த செக்கப்பில் தெரியும். அதுவரைக்கும் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி டீச்சரிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு அவரே முதல் வரிசையில் இடது ஓரமாக உட்காரவைத்தார், நல்ல காது வகுப்புப் பக்கம் இருக்கட்டும் என்று. கவனமில்லை என்ற புகார் அதற்குப் பிறகு வரவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறான் என்று இப்போது புதுப் புகார்.