மாயாற்றின் மேலே பாறுகள்: நான்கு நாள் நாட்குறிப்பு

ஜனவரி 19, 2026, திங்கள். ஊட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும்போது காலை ஏழே கால். குன்னூர்ப் பாதையை விட்டுவிட்டுக் கோத்தகிரிப் பாதையைப் பிடித்தேன். பொங்கல் கூட்டமெல்லாம் இறங்கிவிட்டதால் சாலை காலியாக இருந்தது. குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பின் இருக்கையைக் குனிந்து பார்த்தார்கள். எவர்சில்வர் பாட்டிலைத் தூக்கிக் காட்டியதும் கையசைத்து அனுப்பிவிட்டார்கள்.

கோத்தகிரியில் டீ குடித்த கடையில் ஒரு பெரியவர் கேட்டார், "தனியாவாம்மா வந்த? புலி பாக்கவா?"

"இல்லைங்கய்யா, பாறு பாக்க."

"அதென்னது?"

"பிணம் தின்னிக் கழுகுன்னு சொல்வாங்களே, அது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முன்னாடி நிறைய இருந்துச்சு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அம்மா. சின்ன வயதில் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து அர்ச்சகர் கையிலிருந்து உணவு வாங்கிப் போனதை அம்மா பார்த்திருக்கிறார். அவை மஞ்சள்முகப் பாறுகள். பல ஆண்டுகளாக அங்கே எதுவும் வருவதில்லை. "ரெண்டும் சொல்லி வெச்ச மாதிரி வரும்" என்று அம்மா சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் இத்தனை வயதாகியும் ஒரு பாறுகூட நேரில் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டி வாழ இன்னும் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் முதுமலையை ஒட்டிய சீகூர், மாயாற்றுப் பகுதி என்று படித்ததிலிருந்து இந்த நான்கு நாள் மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போனேன். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து தரை சட்டென்று அறுந்துவிடுகிறது. கீழே வெகு ஆழத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தூரத்தில் பவானிசாகர் நீர் ஒரு வெள்ளிக் கீற்று. ஆற்றைக் கடந்துதான் போக முடிகிற தெங்குமரஹாடா கிராமம் பச்சைச் சதுரமாகத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் பைனாகுலரும் கையுமாக நின்றேன். இரண்டு கரும்பருந்துகள் வந்தன. பாறு வரவில்லை.

ஜனவரி 20, செவ்வாய். மசினகுடி

காலை ஆறரைக்குக் காரின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. உறைபனி. கிட்டப் போய்ப் பார்த்தேன்: பெரணி இலைகளை நெருக்கி அடுக்கியது போல, ஒவ்வொரு நரம்பிலிருந்தும் சின்னச் சின்னக் கிளை பிரிந்திருந்தது. விரல் நுனியை வைத்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர். விடுதி முன்னாலிருந்த புல்லில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீடுகளை விட்டுவிட்டுத் தாழ்வான புல்வெளிகள் முதலில் வெளுக்கின்றன. கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றப் போனேன். "விரிசல் விட்டுரும் மேடம், ஹீட்டரைப் போட்டு விடுங்க" என்று காவலாளி தடுத்தார். பதினைந்து நிமிடம் ஆனது.

மசினகுடிக்குக் கல்லட்டி வழிதான் குறுக்குவழி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தான இறக்கமும் கொண்ட அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, ஏற மட்டும்தான் அனுமதி. பல உயிர்கள் போன சாலை அது, அந்தக் கட்டுப்பாடு சரியானதுதான். நான் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றிக்கொண்டு போனேன்.

மலையில் எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பார்கள். நடுவட்டம் தாண்டியதும் இரண்டாவது கியரிலேயே விட்டேன், பிரேக்கை அழுத்த வேண்டிய தேவையே பெரும்பாலும் வரவில்லை. வழியில் ஒரு கார் ஓரமாக நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை, கருகிய வாடை. இறங்கியவர் சக்கரத்தில் ஊற்றத் தண்ணீரோடு நின்றிருந்தார். ஊற்றாதீர்கள், அரைமணி நேரம் தானாக ஆறட்டும், அப்புறம் கியரில் இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னாலிருந்த குழந்தைகளின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இந்த ஒரே நாளில் மூன்று ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது. காலையில் உறைபனி. மதியம் கூடலூரில் தென்மேற்குப் பருவமழை வளர்த்த ஈரப் பச்சை. தெப்பக்காடு தாண்டி மசினகுடிப் பக்கம் திரும்பியதும் முட்புதரும் வெடித்த தரையும். நீலகிரி மழையை மறித்துக்கொள்வதால் சீகூர்ப் பக்கம் மழைமறைவு. சாலையோரமெல்லாம் உண்ணிச்செடி அடைத்துக் கிடக்கிறது, அது வளர்ந்த இடத்தில் மானுக்குப் புல் இல்லை.

இரவு ஒன்பது மணி. பந்திப்பூர் சாலையை இந்நேரம் மூடியிருப்பார்கள், இனி காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். தூரத்தில் ஒரு கடமான் குரல் கொடுக்கிறது. அவ்வளவுதான் சத்தம்.

ஜனவரி 21, புதன். மசினகுடி

காலையில் வனத்துறை வண்டியில் சஃபாரி. புள்ளிமான்கள், மயில்கள், மூங்கில் ஓரமாகப் பதினோரு காட்டுமாடுகள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற அந்தக் கால்களை எத்தனை தரம் பார்த்தாலும் சலிக்காது. செந்நாய்கள் நான்கு சாலையைக் கடந்தன, ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. வண்டியில் இருந்தவர்களுக்குப் புலி கிடைக்காத வருத்தம்.

முடிந்ததும் ஓட்டுநர் அண்ணனிடம் பாறு பற்றிக் கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. "அதக் கேக்குறவங்க ரொம்பக் கம்மி மேடம்." ஓடையோரத்து உயர்ந்த நீர்மத்தி மரங்களில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டும், இது குஞ்சு வளர்க்கிற பருவம், அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள் என்றார். எனக்கும் அங்கே போக எண்ணமில்லை. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவையின் கூட்டருகே நாம் போய் நிற்கக் கூடாது. "காலங்காத்தால தேடாதீங்க. பத்து மணிக்கு மேல தரை சூடாகி காத்து மேல ஏறும், அப்பத்தான் அதுவும் எழும்பும். வானத்தப் பாத்துட்டே இருங்க."

இந்தப் பறவைகளை அழித்தது வேட்டை இல்லை, மாட்டுக்குப் போட்ட ஒரு வலி ஊசி. டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்தால், அந்த இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்திருக்கும். 2004-இல்தான் காரணம் உறுதியாகத் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடைசெய்தது. அதற்குள் நாட்டிலிருந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. மெலாக்சிகாம் என்று பாறுகளுக்குத் தீங்கில்லாத மருந்து கையில் இருக்கிறது. மாடு வைத்திருக்கும் என் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மாலையில் தெப்பக்காடு சாலையில் குட்டியோடு ஒரு யானை. நான் வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த வண்டி முந்திப் போய் ஹாரன் அடித்தது. தாய் காதை விரித்து இரண்டு எட்டு முன்னால் வைத்தது, குட்டி அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. அந்த வண்டி பின்னால் வந்த வேகத்தில் ஓரக்கல்லில் இடித்து நின்றது. தாய் அதற்கு மேல் வரவில்லை. தும்பிக்கையால் குட்டியைத் தள்ளித் தள்ளிச் சரிவில் இறக்கிக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபம் அறைக்கு வந்த பிறகும் அடங்கவில்லை.

ஜனவரி 22, வியாழன். ஊட்டி

இன்று கல்லட்டி ஏற்றம். ஓட்டுநர் அண்ணன் சொன்னதை மனதில் வைத்து வேண்டுமென்றே பத்து மணிக்குக் கிளம்பினேன். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையிலேயே வண்டி ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். முட்காடு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

கல்லட்டி ஊரை நெருங்கும்போது ஓரமாக நிறுத்த இடமிருந்த ஒரு வளைவில் நிறுத்தினேன். சீகூர் சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது. பத்து நிமிடம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்துக் குனிந்தபோதுதான் தெரிந்தது, அவை எனக்குக் கீழே பறந்துகொண்டிருந்தன.

முதலில் ஒன்று. அப்புறம் அதே சுழலில் இன்னொன்று. இறக்கையை அடிக்கவே இல்லை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகல இறக்கையைப் பலகை போல நீட்டிக்கொண்டு, நுனி இறகுகளை மட்டும் விரல்களைப் போல விரித்து, சூடான காற்றில் வட்டமிட்டு ஏறின. ஒவ்வொரு முறை சாயும்போதும் கரிய உடம்பின் நடுவே, வாலுக்குச் சற்று மேலே, கைக்குட்டை வைத்தது போல ஒரு வெள்ளை. படத்தில் பார்க்கும்போதெல்லாம் எதற்கு வெண்முதுகு என்று பெயர் வைத்தார்கள் என்று யோசித்திருக்கிறேன். தரையில் நிற்பவர்களுக்கு அந்த முதுகு சுலபத்தில் தெரியாது. மலையில் நின்றால் தெரிகிறது.

என் உயரத்துக்கு வந்தபோது ஒன்றின் வெறுங்கழுத்தையும் அலகையும் பைனாகுலர் இல்லாமலே பார்த்தேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தரையைத் தேடிக்கொண்டே என்னைக் கடந்து மேலே போனது. இவை இரை தேடுவது மோப்பத்தை நம்பி இல்லை, கண்ணை நம்பித்தான். மொத்தம் ஐந்து. மூன்று முறை எண்ணினேன். கிழக்கே மாயாற்றுப் பக்கம் சறுக்கிக்கொண்டு போய்ப் புள்ளியாகி மறையும் வரை அங்கேயே நின்றேன்.

தலைக்குந்தா வந்ததும் சிக்னல் கிடைத்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா? ரெண்டும் வந்துச்சா?"

"அஞ்சும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லா இருந்துச்சுங்களா?" என்று மரியாதையோடு கேட்டார், சொந்தக்காரர்களை விசாரிப்பது போல.