நொட்டாங்கைக் கத்தி

ஒரு மரத்துக் குச்சியை இன்னொரு செடியில் பொருத்தி ஒட்டுக் கட்டுகிற கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. மறு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் குச்சியின் மேல் படிந்து வழுக்கினால்தான் வெட்டு மேடுபள்ளம் இல்லாமல் வரும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதெல்லாம் வலதுகைக்காரர்களுக்கான கத்தி. நான் நொட்டாங்கை.

அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே இருந்த கத்தியைப் பிடித்து இழுத்தால் வெட்டு உள்வாங்கிக் குழிந்துவிடும். குழிந்தால் ஒட்டு பிடிக்காது. பட்டைக்கு அடியில் வழவழப்பாக, பச்சையாக ஒரு படலம் இருக்கிறதே, குச்சியின் படலமும் அடிச்செடியின் படலமும் ஒன்றை ஒன்று தொட வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் குச்சி கருகிவிடும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "கை சரியாத்தான் இருக்கு. கத்தி ஒனக்கு இல்லப்பா" என்றார். சாதாரண மடக்குக் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு கீழவாசல் பக்கம் ஒரு சாணைக்காரரிடம் போனோம். எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும், எந்தப் பக்கம் தொடவே கூடாது என்று பெரியவர் கூடவே நின்று சொன்னார். சாணைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "தலைகீழா கேக்குறீகளே" என்றார்.

அந்தக் கத்திதான் இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது. மரப்பிடி, பித்தளை ஆணி, கார்பன் இரும்பு. விலை சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் கூட அப்போது அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

மாம்பழக் காலம் முடிகிற ஆனி, ஆடிதான் எங்களுக்குச் சுறுசுறுப்பான நேரம். மாங்கொட்டை முளைத்து, தண்டு இன்னும் செம்பு நிறம் மாறாமல் இளசாக இருக்கும்போதே அதன் தலையைச் சீவி, நடுவில் பிளக்க வேண்டும். தாய்மரத்துக் குச்சியில் பத்து நாளைக்கு முன்பே இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டு வைத்திருப்போம். அதற்குள் நுனி மொட்டு பருத்திருக்கும். அந்தக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பாக்க வேண்டும், நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு. ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பு. தடவித் தடவிச் சீவினால் படிக்கட்டு விழும். பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு சின்னப் பையைக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. இரண்டு மூன்று வாரத்தில் துளிர் விட்டால் பிழைத்தது என்று அர்த்தம். இமாம்பசந்தோ கல்லாமையோ, வேலை ஒன்றுதான்.

அந்த ஒரே இழுப்புக்காகத்தான் கத்தியோடு இவ்வளவு மல்லுக்கட்டு. கல்லின் வழவழப்பான பக்கத்தில் தீட்டி, பழைய பெல்ட்டுத் தோலில் நாலு தரம் இழுத்து, முன்கை முடியை வழித்துப் பார்ப்போம். ஒட்டுக் கட்டுகிறவனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கையைப் பாருங்கள், ஒரு முன்கை மட்டும் மொழுமொழுவென்று இருக்கும். மற்றவர்களுக்கு இடது கை, எனக்கு வலது.

மாம்பால் பட்டுப் பட்டு அலகு கறுத்துவிட்டது. மாவில் இருக்கிற துவர்ப்புக்கும் இரும்புக்கும் ஆகாது, கறுப்பு ஏறிவிடும். அது கெடுதல் இல்லை. கெடுதல் சாத்துக்குடியில்தான். அதில் குச்சிக்குப் பதிலாக மொட்டை வைத்து ஒட்டுக் கட்டும்போது எக்சோகார்டிஸ் என்ற நோய் கத்தி வழியாகவே மரத்துக்கு மரம் தாவும். ஸ்பிரிட்டில் துடைத்தால் அது அசையாது, பிளீச்சிங் கரைசலில்தான் முக்க வேண்டும். பிளீச்சிங் பட்ட கார்பன் இரும்போ அன்றைக்குச் சாயங்காலமே துருவைக் காட்டிவிடும். எனவே முக்கி, கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. இதைச் சலிக்காமல் செய்கிறவர்களின் கத்திதான் நிலைக்கிறது.

இரவல் கொடுப்பதில்லை. கேட்பவர்களுக்கு அது உதவவும் உதவாது என்பது எனக்கு வசதி. உரச் சாக்கு பிரிக்க, சணல் அறுக்க என்று எடுப்பதும் கிடையாது. தாய்மரத்துப் பழத்தை அறுத்து ருசி பார்ப்பது மட்டும் விதிவிலக்கு. அது வேலையில் சேர்த்தி என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது சிவப்புக் கைப்பிடி போட்ட விக்டோரினாக்ஸ் கத்தி ஒன்று கொண்டுவந்தான். "மாமா, அந்தத் துருப்பிடிச்சதைத் தூக்கிப் போடுங்க" என்றான். துருப்பிடித்தது என்று சொன்னதுதான் கொஞ்சம் சுருக்கென்றது. மற்றபடி அவன் கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1884-ல் தொடங்கிய கம்பெனி, 1891-லேயே சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தவர்கள். துருவே பிடிக்காத எஃகு. திருப்புளி, கத்தரி எல்லாம் மடங்கி உள்ளே போகிறது. ஆனால் இரண்டு பக்கமும் சாணை. அவர்கள் ஒட்டுக் கத்தியும் தனியாகச் செய்கிறார்கள், இவன் வாங்கி வந்தது அது இல்லை. சொட்டுநீர்க் குழாய் வேலைக்கு அதைத்தான் எடுக்கிறேன். அதற்கு அருமையான கத்தி.

பழையதால் ஒரே சங்கடம் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போதுதான். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு செல்போனைக் கூட உள்ளே விடுவதில்லை, கத்தியை எங்கே விடுவார்கள்? நர்சரியிலிருந்து நேராகப் போன ஒரு நாள், சித்திரை வீதி முனையில் பூ விற்கிற அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் அலகு முழுக்க வாழைநார். "நல்லா அறுக்குது தம்பி, ஆனா கோணலா இழுக்குதே" என்றார். அவர் வலதுகைக்காரர். சாமி கும்பிட்ட நிம்மதி அங்கேயே பாதி போய்விட்டது.

பாசமா பழக்கமா என்று கேட்டால், பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அலகு வாங்கியபோது இருந்ததில் பாதி அகலம்தான் இருக்கிறது. மீதி கல்லிலும் தோலிலும் போய்விட்டது. நகத்தால் இழுத்துத் திறக்கிற பள்ளம் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் சில வருடம் ஓடும், அவ்வளவுதான்.

போன தையில் இன்னொரு மடக்குக் கத்தி வாங்கி, அதே மாதிரி தலைகீழாகச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். அதற்கு இன்னும் கை படியவில்லை. சப்போட்டாவைப் பாலாச் செடியில்தான் கட்டுவோம், அதன் கட்டை ரொம்பக் கடினம். எனவே சப்போட்டாவுக்குப் புதுசு, மாவுக்குப் பழசு. புதுசும் எப்போதோ ஒரு நாள் மாவுக்கு வரும். எனக்கு அவசரமில்லை.