ஒரு துறவியின் உடல் வகுத்த எல்லை: பெரிக் பயணம்

செலவுக் கணக்கை முதலில் எழுதிவிட்டுத்தான் ஊரைப் பற்றிப் பேசுவது என்றிருந்தேன். இங்கிலாந்தின் வடக்கு எல்லையில், ஸ்காட்லாந்தை ஒட்டியிருக்கும் பெரிக் ஊரின் ரயில் நிலைய வாசலில் நின்ற டாக்சிக்காரர் அருகிலுள்ள லிண்டிஸ்பார்ன் தீவுக்கு 45 பவுண்டு கறந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. தீவுப் பேருந்தின் நேரம் கடல் ஓதத்தைப் பொறுத்து மாறும் என்று தெரியாமல் அதைத் தவறவிட்டது என் பிழைதான். என்றாலும் சுமார் இருபது கிலோமீட்டருக்கு இது அநியாயம்.

நான் தேடிப் போனது இப்போது இல்லாத ஓர் உள்ளாட்சி மாவட்டத்தை. பழைய பெரிக் நகரத்தையும், பெல்ஃபோர்ட், கிளெண்டேல், நோரம் அண்ட் ஐலண்ட்ஷயர்ஸ் என்னும் மூன்று ஊரக மாவட்டங்களையும் ஒட்டுப்போட்டு, 1974 ஏப்ரல் 1 அன்று நார்தம்பர்லாந்து கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பெரிய நிர்வாகப் பகுதி) வடகோடியில் பெரிக் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 2009 ஏப்ரல் 1 அன்று கவுண்டி முழுவதற்கும் ஒரே மன்றம் என்றானபோது, மற்ற ஐந்து மாவட்டங்களோடு இதுவும் கலைக்கப்பட்டது. 1558-இல் ஸ்காட்லாந்துக்கு அஞ்சிக் கட்டத் தொடங்கிய மதில்கள் மட்டும் ஊரைச் சுற்றி அப்படியே நிற்கின்றன. அவற்றின்மேல் காலாற நடக்கக் காசு கேட்பாரில்லை.

அந்த மூன்று ஊரக மாவட்டங்களில் கடைசிப் பெயர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது; அதிலுள்ள ஐலண்ட்ஷயர் லிண்டிஸ்பார்ன் தீவையும் சேர்த்த பகுதி. 793-இல் வைக்கிங்குகள் சூறையாடிய லிண்டிஸ்பார்னிலிருந்து, 875-இல் துறவிகள், அங்கே ஆயராக (பிஷப்பாக) இருந்து மறைந்த துறவி புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு வெளியேறி, அலைந்து திரிந்து, 995-இல் வெகு தெற்கே டர்ஹமில் தங்கினார்கள். உடல் போன இடத்துக்கே உரிமையும் போனது: டர்ஹம் ஆயர்களின் உடைமையாகிவிட்ட நோரமும் ஐலண்ட்ஷயரும், நார்தம்பர்லாந்தின் மூலையில் கிடந்தும், 1844 வரை டர்ஹம் கவுண்டியாகவே எண்ணப்பட்டன. அதற்குப் பின்னும் அந்தப் பழம்பெயர் 1974 வரை ஊரக மாவட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிக் என்ற ஒற்றைப் பெயர்தான் அதை விழுங்கியது. இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

தீவில் சாப்பிட்ட நண்டு சாண்ட்விச்சின் விலை அதிகம்தான். ஆயினும் ரொட்டியின் விளிம்புக்கு வெளியே பிதுங்கிய நண்டுச் சதையைப் பார்த்தபின் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. திரும்பும்போது பேருந்தையே பிடித்தேன். ஓதம் ஏறும்போது மூழ்கிவிடும் தரைப்பாலத்தின் ஓரத்தில் கடற்பாசி ஈரமாக ஒட்டியிருந்தது. வெள்ளத்தில் சிக்குவோர் ஏறி ஒதுங்குவதற்காகக் கால்களின்மேல் நிறுத்தியிருந்த வெள்ளைக் கூண்டு ஒன்று ஜன்னலைக் கடந்து போனது.