பாய் விரித்து இரணைதீவுக்கு

மச்சான் நோர்வேயிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாளே தொலைபேசியில் கூப்பிட்டான். "கட்டுமரம் ரெடி. சனிக்கிழமை விடிய முதல் நாச்சிக்குடாவில நில்."

அவன் கட்டுமரம் என்று சொன்ன சாமானை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். இருபது அடி நீளத்தில் இரண்டு ஒல்லியான பைபர் உடல்கள். அவற்றை இணைக்கக் குறுக்கே இரண்டு அலுமினியக் குழாய்கள், நடுவில் ஆட்கள் இருப்பதற்கு இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதற்கு மேல் நெட்டையாக ஒரு பாய்மரம். வெளிநாட்டுக் கடற்கரைகளில் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற வகை. இங்கே பைபர் போட் செய்கிற ஒருவரைப் பிடித்து, லீவில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கட்டி முடித்திருந்தான். பாய் மட்டும் அங்கிருந்து சூட்கேசில் வந்தது.

கிளிநொச்சியிலிருந்து இரவு மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பரந்தன், பூநகரி, பிறகு ஏ32 வீதியில் தெற்கே. சித்திரைப் புதுவருசம் முடிந்த கிழமை. வீதியில் மாடுகளும் நானும் மட்டும்தான்.

கரையில் நாலைந்து பேர் ஏற்கெனவே படகைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒரு முதியவரை எல்லோரும் அப்பு என்றே கூப்பிட்டார்கள். இரணைதீவில் பிறந்தவர், வயது எழுபதைத் தாண்டும். அவரை வழிகாட்டியாகக் கூட்டிப்போவதென்று மச்சான் முன்பே பேசி வைத்திருந்தான். அப்பு படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரலை மடக்கிப் பைபரில் தட்டிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி?"

"கட்டுமரம், அப்பு. வெளிநாட்டில கற்றமரான் எண்டு சொல்லுவினம்."

"மரமும் இல்லை, கட்டும் இல்லை. பிறகென்ன கட்டுமரம்?"

மச்சானுக்குப் பதில் வரவில்லை. அப்பு சொன்னது சரிதான். மிதக்கிற மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் கட்டினால் அது கட்டுமரம். அதற்கு இரண்டு உடல் கிடையாது. சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் அச்சான தன் பயணப் புத்தகத்தில் அந்தப் பெயரையும் எழுதிவைத்தார். சொல் கப்பலேறிப் போய்விட்டது. பசிபிக் தீவுக்காரர்கள் காலங்காலமாக ஓட்டிவந்த இரட்டை உடல் படகுக்கு எப்படியோ நம்முடைய பெயர் ஒட்டிக்கொண்டது. 1876இல் நதானியேல் ஹெரஷோஃப் என்ற அமெரிக்கர் அப்படி ஒரு படகைக் கட்டி நியூயோர்க் பந்தயத்தில் மற்றவர்களையெல்லாம் பின்னால் விட, இது படகே இல்லை என்று தகராறு கிளம்பியதாம். அப்புவின் கட்சிக்காரர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

கடலுக்கு இறங்க முதல் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை, போன் இலக்கம் எல்லாம் கொடுத்தோம். படிவத்தில் என்ஜினின் குதிரைவலு என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களிடம் என்ஜின் இல்லை, இரண்டு துடுப்பும் ஒரு நீண்ட கம்பும்தான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்றார்கள். அரை மணி நேரம் அதிலேயே போனது. கடைசியில் மச்சான் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பெரிய நட்டம். இந்தக் கரை மேற்கைப் பார்த்தது. சித்திரை மாதத்தில், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்ப முதல், இங்கே காற்றுக்கு ஒரு நேரசூசி இருக்கிறது. இரவில் தரை குளிர்ந்து கடல் சூடாக இருப்பதால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறியதும் அது விழுந்துவிடும். மத்தியானம் கடந்தால் தரை கொதித்து, காற்று மறுபக்கமாகக் கடலிலிருந்து கரைக்கு வரும். பாயோடு தொழில் செய்தவர்கள் போவதற்குக் கரைக்காற்றையும் வருவதற்குக் கடல்காற்றையும் பிடித்தார்கள். என்ஜின் வந்த பிறகு இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அப்புவின் உடம்பில் மட்டும் அது அப்படியே இருந்தது. மச்சான் போனில் காற்றுப் படம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பிடரியைக் காற்றுக்குக் காட்டி நின்றுவிட்டு, "எட்டு மணி மட்டும் நிக்கும், வெளிக்கிடு" என்றார்.

பாய் ஏறியது. முதலில் என்னைத் தொட்டது சத்தமின்மைதான். இந்தக் கடலில் எத்தனையோ தரம் பைபர் போட்டில் போயிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் என்ஜின் இரைச்சலும் மண்ணெண்ணெய் மணமும்தான் நினைவில் நிற்கும். இப்போது அடியில் தண்ணீர் சுருள்கிற சத்தம் மட்டும். பக்கத்தில் நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. எங்களைப் பற்றித்தான் பேசினார்கள், மரியாதையாக இல்லை.

காற்று மெல்லியதுதான், ஆனால் படகும் லேசு. பாரத்துக்காக அடியில் இரும்போ கல்லோ இல்லை, அகலமே அதைக் கவிழாமல் பிடிக்கிறது. ஆழமும் கேட்காது. சுக்கானையும் அடிப்பலகைகளையும் மேலே இழுத்துவிட்டால் முழங்கால் தண்ணீரிலும் ஓடும். பாக்குநீரிணைக்கு இது நல்ல பொருத்தம். இந்தப் பக்கம் கடல் என்பது அகன்று கிடக்கிற ஆழமில்லாத தண்ணீர்தான். அப்பு இடைக்கிடை ஆழத்தை எட்டிப் பார்த்து, ஆறடிப் பாகக் கணக்கில், "ரெண்டு பாகம்… ஒண்டரை… இனிச் சாதாளை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். சொன்ன இடத்தில் கீழே சாதாளை என்கிற கடற்புல் பச்சையாக அசைந்தது. பின்னால் ஒரு தூண்டிலை இழுத்து விட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டத்துக்குச் சீலா சிரிக்கும்" என்றார்.

எட்டு மணிக்குக் காற்று விழுந்தது. மிச்சத் தூரத்துக்குத் துடுப்பு வலித்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கை மட்டும் கொப்பளித்தது.

இரணைதீவு ஒன்றல்ல, இரண்டு. பெயரிலேயே அது இருக்கிறது. பெருந்தீவும் சிறுதீவும். 1992இல் போர் இந்த மக்களைத் தீவை விட்டுக் கிளப்பியது. எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் குடியிருந்தார்கள். போர் முடிந்த பிறகும் தீவு கடற்படையிடமே இருந்தது. 2017 மே முதலாம் திகதி பெண்கள் முன்னுக்கு நிற்கக் கரையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு வருடம் ஆகியும் முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே போய் இறங்கிவிட்டார்கள். அப்புவும் அதில் ஒருவர். "ஆரும் தடுக்கேல்ல. தடுத்தாலும் திரும்பியிருக்க மாட்டம்" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தான் பிறந்த வீட்டின் முருகைக்கல் சுவரைக் காட்டினார். சுவர் இருந்தது, கூரை இல்லை, உள்ளே பற்றை. 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க இந்தத் தீவைத்தான் அரசு தேர்ந்தெடுத்தது. மக்கள் மறுபடியும் எழும்பினார்கள். பிறகு அது கிழக்கே ஓட்டமாவடிக்கு மாறியது.

மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று ஏறியது. தீவைச் சுற்றி மீன் பிடிக்கலாம் என்று மச்சான் துள்ளினான். அங்கேதான் எங்கள் படகின் நல்லது கெட்டது இரண்டும் வெளிவந்தன.

காற்று பக்கவாட்டில் பட்டதும் படகு பறந்தது. உண்மையில் ஒரு உடல் தண்ணீரை விட்டு எழும்பியது. அப்பு இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு பக்கம் வானத்துக்குப் போகுது" என்றார். பாயைத் தளர்த்தச் சொல்லி நானும் கத்தினேன். இந்தப் படகு லேசில் கவிழாது, ஆனால் கவிழ்ந்தால் தலைகீழாகவே கிடக்கும். இதை மச்சான் முதல் நாளே பெருமை மாதிரிச் சொல்லியிருந்தான். அந்த ஓட்டத்தில்தான் தூண்டில் கயிறு விறைத்தது. சீலா. என்ஜின் போட் என்றால் வேகத்தைக் குறைத்துவிட்டு இழுக்கலாம். இங்கே மீனுக்காக நிற்க வேண்டுமென்றால் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்கு நேரே திருப்ப வேண்டும். பாய் படபடவென்று அடிக்க, அப்பு சாரத்தின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். முழங்கை நீளத்தில் ஒரு மீன் வலைத்துணியில் விழுந்து துள்ளியது. அதன் பல்லுக்குப் பயந்து மூன்று பேரும் கால்களைத் தூக்கிக்கொண்டோம்.

பிறகு வந்தது வினை. காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து ஏற வேண்டும். இந்த வகைப் படகு அதில் மந்தம். திரும்புகிறபோது ஓட்டம் போதாவிட்டால் நடுவிலேயே நின்று, பிறகு பின்னுக்குப் போகும். எங்களுடையது நின்றது, பின்னுக்கும் போனது. போன வழியில் ஒரு நண்டு வலை. மிதவைக் கயிறு சுக்கானில் சுற்றிக்கொண்டது.

மச்சான் கத்தியை எடுத்தான். அப்பு அவன் கையைப் பிடித்தார். "ஆரின்ரை வலையெண்டு தெரியுமோ உனக்கு?"

அந்த வயதில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நெஞ்சளவுத் தண்ணீர்தான். பதினைந்து இருபது நிமிடம், ஒரு கண்ணியும் அறாமல் கயிற்றைக் கழற்றினார். சிக்கிய வலையில் இருந்த இரண்டு நீலக்கால் நண்டுகளையும் அப்படியே விட்டார். நாங்கள் படகைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு நின்றோம். ஏறி வந்த பிறகுதான் சொன்னார். இந்தப் பக்கத்தில் வலை போகிறதென்றால் வழமையாக அது இந்திய இழுவைப் படகால்தான் போகும். அவை கிழமைக்கு மூன்று இரவு வரும். ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை, 61 நாள் தமிழ்நாட்டில் தடைக்காலம் என்பதால் இங்கே வலை போட்டவர்கள் நித்திரை கொள்கிற மாதங்கள் இவைதான். "அவங்கள் வராத நாளில நீங்கள் வந்து அறுக்கிறியளோ?" என்று சிரித்தார். இலங்கையில் 2017இல் அடிமட்ட இழுவை மடி சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தச் சட்டம் இந்தத் தண்ணீரில் எவ்வளவு தூரம் மிதக்கிறது என்பதை அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இரவு மீனவர்கள் தங்குகிற ஒரு வாடியில் தங்கினோம். சீலாவில் பாதி குழம்பு, பாதி பொரியல். சாப்பிட்டுவிட்டுக் கிடக்கும்போது அப்பு பாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் எரிபொருள் வராது, வந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். கோதுமை மாச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் பாய் கட்டினார்களாம். மழையில் நனைந்தால் பாரம் தாங்காது, காய்ந்தால் மாப் புளித்த மணம். அதோடுதான் பிள்ளைகளை வளர்த்தேன் என்றார். பிறகு என்ஜின் வந்தது, பாய் போனது. 2022இல் மறுபடியும் மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்குத் தாவியது. "அப்ப பாய் கட்டத் தெரிஞ்சவன் இந்தக் கரையில நாலு பேர்தான். பாய்தான் இல்லை."

மச்சானுக்கு ஒரு கனவு இருந்தது. இந்த மாதிரிப் படகுகளை இங்கேயே கட்டி மீனவர்களுக்குக் கொடுத்தால் எரிபொருள் செலவில்லை என்பது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. முந்நூறு நானூறு மீற்றர் நண்டு வலையை அந்த வலைத்துணியில் வைத்தால் ஒவ்வொரு ஆணியிலும் மாட்டும். மீன் பெட்டிக்கு இடமில்லை. பாக்குநீரிணையில் சோளகம் எழுப்புகிற குட்டையான, செங்குத்தான அலை அந்த ஒல்லி உடல்களைப் போட்டு அறையும். அப்புவைக் கேட்டான். அவர் மழுப்பவில்லை. "தூண்டிலுக்குச் சரி. கணவாய்க்கும் பாவிக்கலாம். வலைக்கு உதவாது." கொஞ்சம் பொறுத்து, "மனுசரை வலையில ஏத்திக்கொண்டு போற படகு, அதில மீன் வலையை எங்க வைக்கிறது?" என்றார்.

மறுநாள் திரும்புகிறபோது கடல்காற்று எங்களுக்குப் பின்னால். சுக்கானை அப்புவிடம் கொடுத்தோம். வேகமாக ஓட்டவில்லை. கிராஞ்சிப் பக்கம் தெரிந்த கடலட்டைப் பண்ணைகளின் கம்புகளும் வலைவேலிகளும் இருந்த திசையை மட்டும் தள்ளியே பிடித்தார். முன்பு நினைத்தபடி போகலாம், இப்போது கடலுக்குள்ளும் வேலி என்று முணுமுணுத்தார். மற்றபடி பேச்சில்லை. ஒரு கை சுக்கானில், மறு கையில் பாய்க் கயிறு. காற்றுக் கூடும்போது கயிற்றைக் கொஞ்சம் விடுவார், குறையும்போது கொஞ்சம் இழுப்பார். எங்களுக்கு இரண்டு நாளாக வராதது அது. படகு ஒரு தரம்கூட எழும்பவில்லை.

நாச்சிக்குடாவில் இறங்கி, பாயைக் கழற்றி மடித்தோம். அப்பு பக்கத்தில் வந்து துணியை இரண்டு விரலால் உரசிப் பார்த்தார்.

"இதைப்போல பழசு ஒண்டு அங்க கிடைக்குமோ தம்பி? கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, தைப்பன்."

"எதுக்கு அப்பு?"

"என்ரை போட்டுக்கு. பாய்மரம் நட இடம் பாத்து வைச்சிருக்கிறன்."

மச்சான் அளவு கேட்டான். அப்பு ஈர மணலில் காலால் ஒரு முக்கோணம் கீறி, ஒரு பக்கத்தை அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கீறினார்.