கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா? சட்டையைப் பாருங்கள்

பெங்களூரு வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் யுடிலிட்டி மூலையிலும் பல்லி தேடி வந்து ஒளிந்திருப்பது பல நேரம் வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது. வெள்ளைப் பட்டையைக் கண்டதும் "கட்டுவிரியன்!" என்று தடி எடுத்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், நிஜக் கட்டுவிரியனை "சும்மா பல்லி பிடிக்கிற பாம்பு" என்று கையால் தள்ளப் போவது.

இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட வரையன் (லைக்கோடான் ஆலிகஸ்) கொலுப்ரிடே குடும்பம். 1801-இல் ஷ்னைடர் விவரித்த கட்டுவிரியன் (பங்காரஸ் சேருலியஸ்) நல்லபாம்பு சேர்ந்த எலாப்பிடே.

வரையனுக்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கி வாலை நோக்கி மங்கும், விலாவில் கிளைவிடும். கட்டுவிரியனுக்கு முன்னுடம்பு பெரும்பாலும் வெறும் கறுப்பு. மெல்லிய பட்டைகள் ஜோடி ஜோடியாகப் பின்னால்தான் தெளிவாகும். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்குக் கழுத்துப் பக்கமே வெள்ளை இருக்கும், வளர்ந்ததில் சிலதுக்குப் பட்டையே மங்கிவிடும். அதனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. செதில்தான் சாட்சி. அதற்காக உயிருள்ள பாம்பிடம் குனிய வேண்டாம், உரித்துப்போட்ட சட்டை போதும்.

காய்ந்த சட்டையை அப்படியே பிரித்தால் கிழியும். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஊறியதும் வெள்ளைத் தாளில் விரியுங்கள். முதலில் நடுமுதுகு. அந்த ஒரு வரிசைச் செதில் மட்டும் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன் என்று சந்தேகிக்கலாம். வரையனுக்கு எல்லாம் ஒரே அளவு. இதோடு நிறுத்தினால் தப்பாகும், ஏனென்றால் கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப் பாம்புக்கும்கூட நடுவரிசை பெரிதுதான். வாலைத் திருப்புங்கள். மலவாய்க்குப் பின்னால் அடிச்செதில் ஒற்றையாகக் குறுக்கே ஓடினால் கட்டுவிரியன். இரண்டாகப் பிரிந்து ஜோடியாக இருந்தால் அது வேறு பாம்பு. வால் கிழிந்துபோன சட்டையில் இந்தச் சோதனை நடக்காது. முடிவு சொல்லாமல் விடுவதே நல்லது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் முதுகுச் செதில் வரிசைகளை எண்ணலாம். சாய்வாக எண்ண வேண்டும், அகலமான வயிற்றுச் செதிலைச் சேர்க்கக் கூடாது. நடுவுடம்பில் வரையனுக்கு 17, கட்டுவிரியனுக்குப் பொதுவாக 15. பலர் மலவாய் பக்கம் எண்ணிக் குழம்புகிறார்கள். அங்கே வரையனுக்கும் 15 ஆகக் குறைந்துவிடும். சட்டையின் நீளத்தை வைத்துப் பாம்பை அளக்காதீர்கள், உரியும்போது அது இழுபட்டு நீளும்.

கிடந்த இடமும் கொஞ்சம் சொல்லும். ஜன்னல் கம்பி, லின்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) மேல் என்றால் வரையனாக இருக்க வாய்ப்பு அதிகம், நன்றாகச் சுவரேறும். செங்கல் குவியல், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி ஓரம் என்றால் இரண்டுமே சாத்தியம்.

கடி பட்டுவிட்டால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கட்டுவிரியன் கடி வலிக்காமலே இருக்கும், தடமும் தெரியாமல் போகலாம். வயிற்றுவலியும் இமைத் தொங்கலும் பிறகுதான் வரும். உடனே 108. இங்கே கொடுக்கும் கூட்டு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தது, பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.